அறுபத்தொன்று

தடைக்காலத்தின் மூன்றாம் நாள்
தொண்டி காயலான் கடையில்
தராசில் ஏற்றி இறக்கி வாங்கினேன்.
பதினாலரைக் கிலோ.
ஹெர்குலிஸ் என்றார் கடைக்காரர்.
எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.
கழுத்துத் தகட்டில்
யாரோ ஒருவனின் புஜத்தை மட்டும்
உப்பு தின்னாமல் விட்டிருந்தது.

லாஞ்சியடியில் படகுகள்
தோளோடு தோள் உரசிக் கிடந்தன.
ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் வயிற்றில்
வருடமெல்லாம் துழாவுகிற கைகள்
சும்மா இருக்கப் பழகாதவை.
போன தடைக்காலத்தில் மிக்ஸியைப் பிரித்தேன்.
சந்திரா அதை இன்னும் மறக்கவில்லை.

ஒரு வாரம் டீசலில் ஊறியும்
பெடல் அச்சு அசையவில்லை.
ஸ்பானரில் குழாய் சொருகி
அதன்மேல் நானே ஏறி நின்றேன்.
டக் என்றது.
விட்டது நட்டா, என் இடுப்பா என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

என் மனதில் இருந்தது வேறு வண்டி.
சேறு தெறிக்கக் குதிக்கிற,
முன் மட்காட்டை வானத்துக்குத் தூக்கிய,
மஞ்சள் நம்பர் பலகையை முகமாக மாட்டிய
பந்தய மோட்டார் சைக்கிள்.
சலூனில் தலைகுனியும் முன்
கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த காலண்டர் படம்.
அதனால் அதன் சங்கிலி எந்தப் பக்கம் என்று
இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

படகின் கூரைக்கம்பியை வளைத்து ஹேண்டில்பார்.
குறுக்கே ஒரு கம்பி,
அதற்குப் போர்வையாக மிதவையின் நுரை.
நீலப் பீப்பாயை வெட்டி மட்காட்.
டேங்க்கை மட்டும் பைபர் ரெசினில் வார்த்தேன்.
அச்சுக்குப் பாதிப் பூசணிக்காய்.
மறுபாதி சாம்பாருக்குப் போனது.

பெட்ரோல் எங்கண்ணே ஊத்துவீங்க, என்றான் ஆரோன்.
ஊத்த மாட்டேன்.
அப்ப டேங்க் எதுக்கு?
முழங்கால் அணைக்க.
அவன் சிரித்த சிரிப்பில்
வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்
ஊசியோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

சிவப்பு அடித்த மத்தியானம்
கச்சான் புரண்டது.
ஈரப் பெயிண்டில் கரையே வந்து ஒட்டிக்கொண்டது.
தேய்த்து அடித்தேன். மறுபடி காற்று.
மூன்றாம் தடவை விட்டுவிட்டேன்.
தடவிப் பார்த்தால்
சுறாத்தோல்.

படகுக்குப் பேர் எழுதும் இருளாண்டி
பலகையை மடியில் வைத்து
என்ன நம்பர் என்றார்.
எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லையோ அத்தனை.
கறுப்பில் கொழுத்த அறுபத்தொன்று.
எழுதிய கை நிற்காமல்
பழக்கத்தில் கீழே
துணை
என்றும் எழுதிவிட்டது.
யார் துணைன்னு போடட்டும்?
அந்த இடம் அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

ஐம்பத்தெட்டாம் நாள்
வறண்ட கண்மாய்க் கரையில் ஏற்றி
சரிவில் விட்டேன்.
கருவேலமுள் சட்டையைப் பிடித்து
சரி போ என்று விட்டது.
கீழே ஒரு மேடு.
இரண்டு சக்கரமும் மண்ணை விட்டன.
ஒரு சாண் உயரம் இருக்கும்.
நாலு விரல் என்கிறான் ஆரோன்.
காற்றில் இருந்தபோது
பெடல் எடையே இல்லாமல் சுற்றியது.
இறங்கியபோது இரண்டு ஆரக்கம்பி போச்சு,
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அறுபத்தோராம் நாள் ராத்திரி
நெய்னாவின் போன்.
தண்ணி பம்பு ஆடுது, போல்ட் முறிஞ்சிருச்சு,
பன்னிரண்டு எம்எம், நீளம், துரு ஏறாதது,
விடிஞ்சா கடல்.
பெட்டி முழுக்கக் கொட்டித் தேடினேன்.
அப்படி ஒன்று எங்கே இருக்கிறதென்று
தேடும் முன்பே தெரியும்.
ஹேண்டில்பாரை அதுதான் பிடித்திருந்தது.

நாலு சுற்றில் கழன்றது.
பம்பில் முறுக்கிவிட்டு ஏறி வந்தபோது
ஐஸ் லாரிகள் வரிசையில் நின்றன.
எல்லா எஞ்சினும் ஒன்றாக இருமி எழுந்தன.
ஒவ்வொரு சத்தத்தையும்
பேர் சொல்லித் தெரியும் எனக்கு.

வீட்டில் அறுபத்தொன்று
தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.
தங்கூசி நரம்பால் இழுத்துக் கட்டினேன்.
சந்திரா டார்ச்சை டேங்க்கின் மேல் பிடித்து
இது என்ன என்றாள்.
பெயிண்ட் படாத அடிப்பக்கத்தில்
கண்ணாடி மாதிரி இறுகிய ரெசினுக்குள்
ஒரு பூசணி விதை.